நான்கு மாத உப்புநீர்த் தொட்டி: ஹேமர் பவளம் சுருங்குகிறது, மணலில் பழுப்புச் சளி. எதை ஊற்றுவது?

புதுத்தொட்டி:

வணக்கம். உப்புநீர்த் தொட்டிக்குப் புதியவன். ஹேமர் பவளம் பத்து நாளாகச் சுருங்கியே கிடக்கிறது. நீங்கள் கேட்கக்கூடியதை எல்லாம் முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

தொட்டி 60 × 40 × 38 செ.மீ., பேருக்கு 90 லிட்டர். பாறையும் மணலும் போகத் தண்ணீர் 75 லிட்டர் இருக்கும். காய்ந்த பாறை 8 கிலோ, மணல் 2 செ.மீ. பின்னால் தொங்கும் ஃபில்டரில் பஞ்சு, கரி, பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ பை. நுரையோடு கழிவைப் பிரிக்கும் சின்ன ஸ்கிம்மர் இரவும் பகலும் ஓடுகிறது. மணிக்கு 3000 லிட்டர் நீரைத் தள்ளும் வேவ்மேக்கர் பம்ப் ஒன்று. எல்இடி தினமும் 10 மணி நேரம், வெள்ளை, நீலம் இரண்டும் 70%. தண்ணீர் ஆர்ஓ-டிஐ கருவியில் சுத்திகரித்தது, டிடிஎஸ் (கரைந்த பொருள்) 0.

கோமாளி மீன் 2. நத்தை 5 இருந்தது, போன வாரம் 2 செத்துவிட்டது. பவளங்கள்: இரண்டு தலை கொண்ட கிளை ஹேமர், ஜோவாந்திட் 2 துண்டு, டோட்ஸ்டூல் லெதர் 1, பச்சை ஸ்டார் பாலிப் 1.

பிரச்சினை: ஹேமரில் ஒரு தலையின் ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிகிறது. ஜோவாந்திட் பாதிதான் விரிகிறது. டோட்ஸ்டூல் ஒரு வாரமாக மூடி, மேலே மெழுகு பூசியது போல் பளபளக்கிறது. மணல்மேல் பழுப்பு நூல் நூலாகச் சளி, நுனியில் காற்றுக்குமிழி. இரவில் காணாமல் போய், விளக்கு எரிந்தால் திரும்பி வருகிறது.

அளவுகள்: உப்பு அடர்த்தி 1.026 (முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்). வெப்பம் இரவில் 25.5, பகலில் 28. ஆல்கலினிட்டி (நீரிலுள்ள கார்பனேட் அளவு) ஞாயிறு 10.6, வெள்ளி 8.1 டிகேஎச் (அதன் அலகு). கால்சியம் 430, மெக்னீசியம் 1300 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு). நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00.

வாரம் 30% தண்ணீர் மாற்றுகிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆவியான 3.5 லிட்டருக்கு ஆர்ஓ தண்ணீர் விடுகிறேன். ஆல்கலினிட்டி இறங்கினால் பஃபர் பவுடர் ஒரு டீஸ்பூன். ஹேமரை மூன்று இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம், அதாவது தண்ணீர் சுத்தம். பிறகும் ஏன் இப்படி? விளக்கைக் கூட்டலாமா? அயோடின், அமினோ அமிலம் ஏதாவது ஊற்றவா?

உப்புக்கணக்கு:

எல்லா பாட்டிலையும் மூடி வையுங்கள். விளக்கைக் கூட்ட வேண்டாம். ஹேமரை இனித் தொட வேண்டாம். இந்த மூன்றும் இன்றே.

நீங்கள் கொடுத்த பட்டியலில் என்னை உறுத்துவது அந்த இரண்டு பூஜ்யம். பவளத்தின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பவளம் உண்ணும் சர்க்கரையில் பெரும்பங்கு அது சமைத்துக் கொடுப்பதுதான். அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். நீங்கள் ஜிஎஃப்ஓ, ஸ்கிம்மர், 30% தண்ணீர் மாற்றம் என்று மூன்று பக்கமும் உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே 10 மணி நேரம் வெளிச்சமும் கொடுக்கிறீர்கள். உலை கொதிக்கிறது, பானையில் அரிசி இல்லை. கடல்பாறைத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கவேண்டும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

செய்யவேண்டியது: ஜிஎஃப்ஓ பையை எடுத்துவிடுங்கள், கரி இருக்கட்டும். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள், அதுவும் காற்றுக்காக. மீனுக்கு நாளில் இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி. உறைந்த தீனி என்றால் அலசாமல் உருகிய நீரோடு சேர்த்தே போடுங்கள். அதிலும் பாஸ்பேட் இருக்கிறது. காய்ந்த பாறை புதிதாக இருக்கும்போது பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்ளும். இன்று 0.05 காட்டியது நாளை 0.00 ஆனால் பதறவேண்டாம், பாறை நிரம்பும்வரை அப்படித்தான்.

பத்து நாளில் நைட்ரேட் அசையவில்லை என்றால் சோடியம் நைட்ரேட் கரைசல்: தூய்மையான உப்பு 10 கிராமை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து மொத்தம் 500 மி.லி. ஆக்கினால், அதில் 5 மி.லி. உங்கள் 75 லிட்டரில் ஏறத்தாழ 1 பிபிஎம் ஏற்றும். நாளுக்கு 5 மி.லி.க்கு மேல் வேண்டாம். 5 பிபிஎம் வந்ததும் நிறுத்துங்கள்.

இப்போது ஆல்கலினிட்டி. ஐந்து நாளில் 2.5 டிகேஎச் இறங்கியிருக்கிறது. 75 லிட்டரில் அது மூன்றேகால் கிராமுக்குமேல் கால்சியம் கார்பனேட். சுருங்கிக் கிடக்கும் இரண்டு தலை ஹேமர் ஐந்து நாளில் அவ்வளவு எலும்பு கட்ட வழியே இல்லை. மற்ற மூன்றும் கல் எலும்பு கட்டும் பவளங்களே அல்ல. ஆக, குடித்தது பவளம் இல்லை. பஃபர் பவுடர் பெரும்பாலும் பேக்கிங் சோடாதான்; ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். 75 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 2.25 கிராம் போதும். நீங்கள் ஒரே கரண்டியில் 2 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றுகிறீர்கள். பவுடரில் சோடா ஆஷும் (சோடியம் கார்பனேட்) கலந்திருந்தால் விழுந்த இடத்தில் பிஎச் எகிறி, கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். ஏறியதும் உங்கள் கரண்டியால், இறங்கியதும் அதனால்தான். ஹீட்டர் மேலும் பம்ப் விசிறியிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள்.

கிட் பிழையையும் ஒதுக்கவேண்டும்: ஒரே தண்ணீரை அடுத்தடுத்து இரண்டு முறை சோதியுங்கள். சிரிஞ்சில் காற்று நின்றால் அரை டிகேஎச் எளிதாகத் தவறும். 8.1 நல்ல அளவுதான். சத்து குறைந்த தொட்டியில் 7.5 முதல் 8.5 வரை வைப்பது, 10, 11-க்கு ஏற்றுவதைவிடப் பாதுகாப்பு. எந்தத் திசையிலும் ஒரு நாளில் 0.5-க்கு மேல் நகர்த்தாதீர்கள்.

உப்புப் பாக்கெட்டையும் சந்தேகியுங்கள். வகைக்கு வகை புதிதாகக் கலந்த நீரில் ஆல்கலினிட்டி 7-லிருந்து 12 வரை மாறும். அதைச் சோதிக்காமல் 30% மாற்றினால் ஒவ்வொரு வாரமும் ஒரு அதிர்ச்சி. இனி 10%. ஆர்ஓ தண்ணீர் 10 லிட்டருக்கு உப்பு சுமார் 370 கிராம். தண்ணீரில்தான் உப்பைப் போடவேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கட்டிதட்டும். பம்ப் வைத்துச் சில மணி நேரம் சுழற்றி, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, உப்பும் ஆல்கலினிட்டியும் அளந்த பிறகே உள்ளே விடுங்கள். பயணத்தில் கனமான துகள்கள் அடியில் தங்கிவிடும். பாக்கெட்டை ஒவ்வொரு முறையும் உருட்டிக் கலக்குங்கள்.

ஆவியான தண்ணீர்: 75 லிட்டரில் 3.5 லிட்டர் போனால், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு, ஏறக்குறைய உங்கள் 1.026) இருந்த உப்பு 36.7 ஆகும். நீங்கள் நிரப்பியதும் சில நிமிடத்தில் மறுபடி 35. மூன்று நாளுக்கு ஒருமுறை இந்த ஊஞ்சல். தினமும் 1.2 லிட்டர் விட்டால் ஏற்ற இறக்கம் அரைப் புள்ளிதான். மிதவை வைத்த தானியங்கி நிரப்பி இருந்தால் அதுவும் இராது. முதல் கருவியாக வாங்கவேண்டியது அதுதான் என்பது என் கட்சி. ஸ்கிம்மர் கூட அப்புறம்.

அந்த முள் ஹைட்ரோமீட்டரை நம்பவேண்டாம். முள்ளில் குமிழி ஒட்டினால் கூட்டிக் காட்டும், உப்புப் பொருக்கு பிடித்தால் குறைத்துக் காட்டும். கடல்நீர் அளவுகோல் உள்ள ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திட்டக் கரைசலில் சரிசெய்து பாருங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால், பூஜ்யத்தில் சரியாக இருந்து 35-ல் தவறும் கருவிகள் உண்டு.

நுண்ணோக்கி:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், சகோ. மணல் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

புதுத் தொட்டியில் பழுப்பு என்றாலே டயட்டம் என்ற நுண்பாசி என்று சொல்லிவிடுவார்கள். டயட்டம் மாவு தூவியது போல் இருக்கும், விரலால் விசிறினால் புகையாகப் பறக்கும், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே போய்விடும். சயனோ (சயனோபாக்டீரியா) செம்பழுப்புத் தாள் மாதிரி, உரித்தால் தோலாக வரும். நீங்கள் சொல்வது நூல், சளி, நுனியில் குமிழி, இரவில் மாயம், நத்தைச் சாவு. இது டைனோ, அதாவது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நிற்கும் காய்ந்த பாறைத் தொட்டிதான் அதற்குப் பிடித்த வீடு. போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இருக்காது.

உறுதி செய்ய: சளியைத் தொட்டித் தண்ணீரோடு உறிஞ்சி மூடிய புட்டியில் நன்றாகக் குலுக்குங்கள். வடிகட்டித் தாளில் வடித்து, தெளிந்த நீரை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் கட்டிச் சேர்ந்தால் டைனோ.

ஆனால் எந்த டைனோ என்று தெரியாமல் மருத்துவம் பார்க்கக்கூடாது. 400 மடங்கு காட்டும் சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். நீர்த்துளி வடிவில், ஒரு முனையைக் கயிற்றில் கட்டியது போல் அதே இடத்தைச் சுற்றிச் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் ஆம்ஃபிடினியம். முதலாவது இரவில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், எனவே யுவி (புற ஊதா) விளக்கில் சிக்கிச் சாகும். இரண்டாவது பெரும்பாலும் மணலிலேயே பதுங்கும்; யுவி-க்குக் கொட்டும் காசு வீண். அதற்குச் சத்தை உயர்த்துவதும், ஆரோக்கியமான வேறு தொட்டியின் மணல் ஒரு கை கொண்டுவந்து போடுவதும்தான் வழி, பொறுமையும் வேண்டும்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் என்றால் 10 லிட்டருக்கு 1 வாட் கணக்கில் உங்களுக்கு 7 முதல் 9 வாட் யுவி. தொட்டியிலிருந்தே நேராக இழுத்துத் தொட்டிக்கே திருப்பவேண்டும். ஃபில்டர் அறைக்குள் சுற்றவிட்டால் பயன் பாதி. விளக்கு அணைவதற்குமுன் மணல் மேல்பரப்புச் சளியை மெல்லிய குழாயால் பஞ்சு வழியாக உறிஞ்சுங்கள். பஞ்சை எறிந்துவிட்டு வடிந்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். கரியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், செத்த டைனோ கக்கும் நச்சை அது பிடிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸின் நச்சு பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சின் குடும்பம்.

ஒரே ஒரு இடத்தில் உப்புக்கணக்கோடு மாறுபடுகிறேன். டைனோ இருக்கும்வரை 10% கூட வேண்டாம், தண்ணீர் மாற்றத்தையே நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றமும் சேர்த்த நைட்ரேட்டைக் கழுவிக்கொண்டு போகிறது. மூன்று நாள் முழு இருட்டு வைத்தால் இன்னும் வேகமாகத் தீரும்.

உப்புக்கணக்கு:

தண்ணீர் மாற்றத்தை நிறுத்துவது சரி, ஒப்புக்கொள்கிறேன். இருட்டு வேண்டாம். டோட்ஸ்டூலும் ஜோவாந்திட்டும் மூன்று நாள் தாங்கும். எலும்பு தெரியும் ஹேமருக்கு இப்போது வரும் வருமானமே அந்த வெளிச்சம்தான். யுவி-யை முதலில் பார்ப்போம்.

வெளிச்சம் குறித்து: வெள்ளையை 15%, நீலத்தை 45% என்று இறக்கி, 8 மணி நேரம் வையுங்கள். இறக்குவதை ஒரே நாளில் செய்யலாம். ஏற்றுவதுதான் வாரம் 5% என்று நகரவேண்டும். பார் மீட்டர் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளப்பது) கிடைத்தால் ஹேமர் இடத்தில் 75 முதல் 125, லெதரும் ஜோவாந்திட்டும் 50 முதல் 100. லக்ஸ் காட்டும் கைப்பேசிச் செயலிகள் நீல எல்இடி-க்கு உதவாது. மீட்டர் இல்லாவிட்டால் பவளத்தைப் பாருங்கள்: ஜோவாந்திட் காம்பு நீண்டு வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தால் குறைவு, தட்டையாக ஒட்டி நிறம் வெளிறினால் அதிகம்.

புதுத்தொட்டி:

நன்றி. ரிஃப்ராக்டோமீட்டர் வந்தது, 35 பிபிடி கரைசலில் சரிசெய்தேன். தொட்டி உப்பு 38! பழைய ஹைட்ரோமீட்டர் முள்ளில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறது. ஹீட்டரிலும் இருக்கிறது. ஆல்கலினிட்டி இரண்டு முறை சோதித்தேன், இரண்டிலும் 8.1. மைக்ரோஸ்கோப்பில் துளி வடிவம், ஒரே இடத்தில் சுழல்கிறது.

உடனே 6 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் மாற்றிவிடவா? எலும்பு தெரிந்த ஹேமர் தலையில் இப்போது பழுப்பாக ஏதோ தொங்குகிறது.

உப்புக்கணக்கு:

6 லிட்டர் கணக்கு சரி, ஒரே நாளில் வேண்டாம். நாளுக்கு 2 லிட்டர் உப்புநீரை எடுத்து அதே அளவு ஆர்ஓ விடுங்கள்: 38, 37, 36, 35. மூன்று நாள். ஆவியாவதற்கு விடும் தண்ணீர் இதில் சேராது, அது தனி. விடும் தண்ணீர் தொட்டியின் வெப்பத்தில் இருக்கட்டும், வேவ்மேக்கர் எதிரில் மெல்ல ஊற்றுங்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. உப்பு கூடியிருந்தால் மற்ற எண்களும் ஊதிப்போய்த்தான் இருக்கும். உங்கள் கால்சியம் 430 என்பது 35-க்கு வரும்போது 396. மெக்னீசியம் 1300 ஏறக்குறைய 1200. ஆல்கலினிட்டி 7.5. ஆகவே நல்லதாகத் தெரிந்த பட்டியல் உண்மையில் கொஞ்சம் இளைத்த பட்டியல். எந்தக் கிட்டைத் திறப்பதற்கு முன்பும் உப்பை அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

35-ல் இரண்டு நாள் நிலைத்தபின்: பேக்கிங் சோடா 1.1 கிராம், அரை டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் முழுதும் கரைத்து, ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்றினால் 0.5 டிகேஎச் ஏறும். ஒருமுறை போதும், 8-ல் நிறுத்துங்கள். கால்சியத்துக்கு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 5.5 கிராம் கரைத்து ஊற்றினால் 20 பிபிஎம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள்: சோடா காலையில், கால்சியம் மாலையில். அடுத்தடுத்து விழுந்தால் தண்ணீர் பால்போல் வெளுக்கும், இரண்டும் வீண். மெக்னீசியத்துக்கு அவசரமில்லை, டைனோ போனபின் தண்ணீர் மாற்றத்தில் தானே ஏறும்.

கிராமில் 0.1 வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். கரண்டி இனி இந்தத் தொட்டியின் பக்கம் வரக்கூடாது.

ஹீட்டரைக் கழற்றி, ஆறவைத்து, நீர்த்த வினிகரில் ஊறவைத்தால் பொருக்கு கரைந்துவிடும். 25.5-க்கும் 28-க்கும் இடையிலான ஆட்டத்தையும் அடக்குங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் வலை மூடியாக மாற்றி, 26.5 டிகிரியில் ஓடத் தொடங்கும்படி ஒரு சிறு விசிறியை நீர்மட்டத்துக்குக் குறுக்காக வையுங்கள். ஆவியாவது கூடும், தினசரி நிரப்பும் அளவைத் திரும்பக் கணக்கிடுங்கள். பிஎச் அளக்கவில்லை என்று யாராவது குறை சொன்னால் விடுங்கள், 7.8 முதல் 8.4-க்குள் எங்கிருந்தாலும் அதைத் துரத்தி மருந்து ஊற்றுவதில் கேடுதான் அதிகம்.

கிளைமுனை:

ஹேமர் பற்றி நான் சொல்கிறேன். இது காத்திருக்காது.

தொங்குவது குழகுழவென்று, எடுத்தால் அழுகல் நாற்றம் அடித்தால், அது பழுப்பு ஜெல்லி நோய். காயப்பட்ட திசுவில் தொடங்கி ஒரு தலையை ஓரிரு நாளில் தின்றுவிடும். ஜெல்லி மிதந்து போய் ஒட்டும் அடுத்த ஹேமர், டார்ச் பவளம் எல்லாவற்றுக்கும் பரவும். முதலில் எல்லா பம்பையும் நிறுத்துங்கள். காற்றுக்குழாய் அளவிலான குழாயால் ஜெல்லியை உறிஞ்சி வெளியே விடுங்கள், தொட்டிக்குத் திருப்பாதீர்கள். அந்த நீருக்கு ஈடாக 35 உப்புநீர் ஊற்றவேண்டும், ஆர்ஓ அல்ல.

பிறகு ஹேமரைத் தொட்டித் தண்ணீர் உள்ள கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். உங்களுடையது கிளை வகை என்பதால் பிழைத்தீர்கள். ஒவ்வொரு தலைக்கும் தனிக் காம்பு, நடுவில் செத்த எலும்பு. நல்ல தலையின் திசு முடியும் இடத்துக்குக் குறைந்தது 2 செ.மீ. கீழே எலும்பு வெட்டும் கட்டரால் நறுக்குங்கள். சதையின்மேல் கட்டர் படக்கூடாது. நோய்த் தலையில் பாதிக்கும் மேல் போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். அதைக் காப்பாற்றப் போய் இதையும் இழக்கவேண்டாம். நல்ல தலையை அயோடின் வகை டிப்பில் (பவளத்தை முக்கியெடுக்கும் மருந்துக் கரைசல்), பாட்டிலில் அச்சிட்ட அளவில், 10 நிமிடம் வைத்து, வேறு கிண்ணத்துத் தொட்டித் தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். டிப் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. செம்பு கலந்த மீன் மருந்து எதையும் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். நத்தையும் பவளமும் ஒன்றாகச் சாகும்.

வைக்கும் இடம்: மணலில் ஒரு சின்னத் தாங்கியில், நேர் ஓட்டம் அடிக்காத மூலை. 75 லிட்டருக்கு மணிக்கு 3000 என்பது 40 மடங்கு. உங்கள் பவளங்களுக்கு 15, 20 மடங்கு போதும். வேவ்மேக்கரைப் பாதிக்குக் குறைத்து எதிர்க்கண்ணாடியில் மோதும்படி திருப்புங்கள். ஹேமரின் கைகள் மெதுவாக இரண்டு பக்கமும் ஆடவேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து எலும்போடு உரசினால் சதை கிழியும், அந்தக் கிழிசலில்தான் ஜெல்லி உட்காரும். சுற்றிலும் 10 முதல் 15 செ.மீ. காலி விடுங்கள். இரவில் அது நீட்டும் கொட்டும் கைகள் பகலில் தெரிவதைவிட நீளம்.

கைகள் விரிந்தபிறகு வாரம் இருமுறை ஒரு சின்ன மைசிஸ் (இறால் போன்ற சிறு தீனி), பம்பை நிறுத்திவிட்டு. மூடிக் கிடக்கும்போது ஊட்டினால் செரிக்காமல் வாயிலேயே அழுகும்.

டோட்ஸ்டூலுக்கு ஒன்றும் இல்லை, தோல் உரிக்கிறது. சார்கோஃபைட்டன் இனம் மேலே மெழுகுப் படலம் கட்டி, சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கழற்றிவிடும். கையால் உரிக்காதீர்கள். கொஞ்சம் ஓட்டம் படும்படி இருந்தால் தானே போகும். அது தண்ணீரில் விடும் டெர்பீன் வகைப் பொருள்கள் ஹேமரைத் தொந்தரவு செய்யும், கரி இருக்கட்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

ஜோவாந்திட் பாதி விரிவது டைனோவாலும் உப்பாலும் இருக்கலாம். ஆனாலும் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜோவாந்திட்டைத் தின்னும், ஓடில்லாத கடல் நத்தை (நுடிபிராங்க்) அது தின்றதன் நிறத்திலேயே இருக்கும், பாலிப்புகளுக்கு இடையில் மடல் மடலாகத் தெரியும். இருந்தால் டிப் போடுங்கள். முட்டையை எந்த டிப்பும் கொல்லாது, ஒரு வாரம் கழித்து மறுபடியும், அதற்கடுத்த வாரமும் செய்யவேண்டும்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஜோவாந்திட், பாலிதோவா இனங்களில் பாலிடாக்சின் இருக்கலாம். உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறையும் கண் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருந்தால் தொடவே வேண்டாம். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைப்பது, வெந்நீர் ஊற்றுவது, காய்ந்தபின் பிரஷ்ஷால் தேய்ப்பது கூடவே கூடாது. ஆவியிலும் தூசியிலும் நஞ்சு மூச்சுக்குள் போகும். தொட்டபின் வாயில் உலோகச் சுவை, மரத்துப்போதல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவமனைக்குப் போய் பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள்.

புதுத்தொட்டி:

ஹேமரை நறுக்கியாயிற்று. ஒரு தலை போய்விட்டது, மற்றது கிண்ணத்திலேயே கொஞ்சம் கை நீட்டியது. யுவி 9 வாட் மாட்டியிருக்கிறேன். தினமும் எதைச் சோதிக்கவேண்டும்? அடுத்த பவளம் எப்போது வாங்கலாம்? காலியான இடத்தில் வைக்க ஒரு அக்ரோபோரா பவளம் பார்த்து வைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி:

அக்ரோபோராவா! சகோ, அது 200-க்கு மேல் பார் கேட்கும், ஆல்கலினிட்டி அரைப் புள்ளி ஆடினாலே நுனி வெளுக்கும். இந்தத் தொட்டிக்கு ஒரு வயது ஆகட்டும்.

யுவி-யில் ஆஸ்ட்ரியாப்சிஸ் ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். குறைந்ததும் யுவி-யைக் கழற்றிவிடாதீர்கள், சத்து நிலைக்கும்வரை ஓடட்டும். இடையில் கண்ணாடியில் பச்சைப் படலம் வந்தால் சந்தோஷப்படுங்கள், டைனோவுக்குப் போட்டியாள் வந்துவிட்டான்.

உப்புக்கணக்கு:

சோதனை: உப்பும் வெப்பமும் தினமும். ஆல்கலினிட்டி இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதே நேரத்தில். நைட்ரேட், பாஸ்பேட் வாரம் இருமுறை. கால்சியமும் மெக்னீசியமும் மாதம் ஒருமுறை போதும். பாஸ்பேட்டுக்கு டிஜிட்டல் மீட்டர் வாங்கினால் அது பாஸ்பரஸை பிபிபி-யில் (நூறு கோடியில் பங்கு) காட்டும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் வந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 16 என்று காட்டினால் 0.05. இதைத் தெரியாமல் 16-ஐப் பார்த்து ஜிஎஃப்ஓ-வைத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு.

வாங்குவது: ஒரு மாதம் எதையும் ஊற்றாமல் ஆல்கலினிட்டி 0.5-க்குள்ளும், உப்பு 34.5 முதல் 35.5-க்குள்ளும், நைட்ரேட் 3-க்குக் கீழே இறங்காமலும் நின்றால் ஒன்று வாங்கலாம். ஒன்றுதான். டங்கன் அல்லது கேண்டி கேன் பவளம், இரண்டுமே ஹேமர் கேட்கும் வெளிச்சத்தில் வாழும், தீனி கொடுத்தால் வாயைத் திறந்து வாங்கும். தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகக் கேளுங்கள். கல் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. எல்லை தாண்டி வருவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சில நாடுகளில் வைத்திருப்பதற்கே தடை உண்டு, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளைமுனை:

வந்த துண்டை டிப் போட்டு, அது ஒட்டியிருக்கும் பிளக் என்ற சிறு அடிக்கல்லை உடைத்து எறிந்துவிட்டுப் புதிய பிளக்கில் ஜெல் பசையால் ஒட்டுங்கள். பூச்சிகளின் முட்டையும், ஐப்டேசியா என்ற தொல்லைதரும் கடல் அனிமோனும் பழைய பிளக்கின் அடியில்தான் ஒளிந்து வரும். ஐப்டேசியா ஒன்று தப்பி வந்தாலும் கிள்ளாதீர்கள், சிதறிய துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாய் முளைக்கும். பெப்பர்மின்ட் இறால் தின்னும், அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்துச் சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்தேன். அந்தப் பச்சை ஸ்டார் பாலிப் இப்போது எதில் இருக்கிறது, பெரிய பாறையிலா, தனித் துண்டிலா?

புதுத்தொட்டி:

பெரிய பாறையில் ஒட்டிவிட்டேனே.

கிளைமுனை:

இன்றே எடுத்துவிடுங்கள், பாய்போல் படர்ந்து பாறை முழுதும் மூடிவிடும். ஊதா நிறப் பாய் இன்னும் பிளக்கைத் தாண்டவில்லை என்றால் அப்படியே நெம்பினால் வந்துவிடும். தாண்டியிருந்தால் பாயின் ஓரத்தை நகத்தால் தூக்கி, கம்பளி போல் உரியுங்கள். தங்கிய துண்டுகளை மறுநாளும் பார்த்து உரியுங்கள். பிறகு மணலில் தனியாக நிற்கும் ஒரு கல்லில் ஒட்டுங்கள். கல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வெறும் மணல் இருக்கட்டும். பாய் மணலில் இறங்கினால் கத்தரியால் ஓரத்தை நறுக்கிவிடலாம்.